ஏற்காட்டு மலையில் பழைய கார்

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காடு செல்லும் மலைப்பாதையில் சற்று நின்று பாருங்கள். புதிய கார்கள் மூச்சுவிடாமல் ஏறிச் செல்லும். அவற்றிடையே ஏதேனும் ஒரு வளைவின் ஓரத்தில் முன்மூடியைத் திறந்து வைத்தபடி ஒரு பழைய அம்பாசடரோ, பியட்டோ, ஸ்டாண்டர்டு ஹெரால்டோ நிற்கும். உரிமையாளர் உள்ளே தலையை நுழைத்துக் கொண்டிருப்பார். சுற்றி நாலு பேர் நாலு விதமாக யோசனை சொல்லிக் கொண்டிருப்பார்கள். ஒருவர் 'பாயிண்ட்' என்பார். இன்னொருவர் 'காயில்' என்பார். மூன்றாமவர் 'பெட்ரோலில் தண்ணீர்' என்பார். மூவர் சொல்வதும் சில வேளைகளில் சரி. ஆனால் எந்த வேளையில் எது சரி என்று எப்படி அறிவது?

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இடையே சேர்வராயன் மலையின் சரிவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு மணி நேரத்திற்குள் 1,200 மீட்டர் மேலே போய்விடுகிறோம். பாரமானியை உடன் எடுத்துச் சென்றால், சேலத்தில் ஏறத்தாழ 73 செ.மீ. உயரம் காட்டிய பாதரசம் ஏற்காட்டில் 64 செ.மீ. அளவுக்கு இறங்கியிருப்பதைக் காணலாம். காற்றின் அடர்த்தியில் ஒன்பதில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. எஞ்சின் ஒவ்வொரு முறையும் உறிஞ்சும் காற்றின் கன அளவு அதேதான். ஆனால் அதிலுள்ள பிராணவாயு குறைவு. ஆகவே திறனும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குறையும்.

திறன் குறைந்ததால்தான் பழைய கார் நின்றுவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து பேரோடு அம்பாசடரின் எடை 1,400 கிலோகிராம் என்று கொள்வோம். மலைப்பாதை சுமார் 20 கி.மீ.; சராசரிச் சரிவு 100க்கு 6. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் ஏற, புவியீர்ப்பை வெல்லவும் சக்கர உராய்வை ஈடுகட்டவும் வேண்டிய திறன் ஏறத்தாழ 10 குதிரைத்திறன்தான். வளைவுகளில் சரிவு செங்குத்தாகும்போது இது இரட்டிப்பாகலாம். அம்பாசடரின் 1,489 க.செ.மீ. எஞ்சின் 50 குதிரைத்திறனை ஒட்டித் தரக்கூடியது. காற்று மெலிந்து ஒன்பதில் ஒரு பங்கு போனால்தான் என்ன? பழைய காரின் உண்மையான பகை வெப்பம்.

எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குளிர்விக்கும் நீருக்குப் போகிறது. சமவெளியில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைத் தழுவிக் குளிர்விக்கும். மலையில் இரண்டாம் கியரில் ஊர்ந்து செல்லும்போது எதிர்க்காற்று ஏது? விசிறி மட்டுமே துணை. அதுவும் மெலிந்த காற்றைத்தான் தள்ளுகிறது. முன்மூடிக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளும் சூடாகிறது. பழைய காரில் மலையில் தோன்றும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே காரணத்தின் பல வேடங்கள்.

கண்டென்சர் செய்த தவறு என்ன?

இங்கே என் மைத்துனரின் கதையைச் சொல்ல வேண்டும். அவரிடம் ஒரு பழைய பியட் 1100 இருக்கிறது. பம்பாய் குர்லாவில் பிரீமியர் நிறுவனம் தயாரித்த வண்டி. பிற்காலத்தில் பிரீமியர் பத்மினி என்ற பெயர் பெற்ற அதே வகை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் குடும்பத்தோடு ஏற்காட்டுக்குப் புறப்பட்டோம். பதின்மூன்றாம் வளைவில் முன்னே சென்ற பேருந்து நின்றதால் நாங்களும் நின்றோம். பிறகு எஞ்சின் இருமியது, அணைந்தது, மறுபடி கிளம்பவில்லை.

அவர் முன்னெச்சரிக்கைக்காரர். பெட்டியிலிருந்து புதிய கண்டென்சரை எடுத்தார். டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து, பழையதைக் கழற்றி, புதியதை மாட்டி, பாயிண்ட் இடைவெளியையும் சரிபார்த்து முடிக்க அரை மணி நேரமாயிற்று. சாவியைத் திருப்பினார். எஞ்சின் உடனே கிளம்பியது. "பார்த்தீர்களா மாமா, கண்டென்சர்தான்!" என்றார். நானும் நம்பினேன்.

அடுத்த வாரம் சந்தேகம் வந்தது. 'கெட்டுப்போன' கண்டென்சரை மறுபடி மாட்டிச் சேலத்துக்குள் இரண்டு நாள் ஓட்டினோம். ஒரு குறையும் இல்லை. அதே வண்டியை, புதிய கண்டென்சரோடு, அதே வெயிலில் மலைக்கு ஏற்றினோம். பதினைந்தாம் வளைவில் நின்றது! இம்முறை எதையும் கழற்றவில்லை. ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்துப் பெட்ரோல் பம்பின் மேல் சுற்றினோம். ஐந்து நிமிடத்தில் எஞ்சின் கிளம்பியது.

நடந்தது இதுதான். பெட்ரோல் ஒரே பொருளன்று. பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றுள் எளிதில் ஆவியாகும் பகுதி 40 டிகிரி செல்சியசை ஒட்டியே கொதிக்கத் தொடங்கிவிடும். பியட், அம்பாசடர் போன்ற வண்டிகளில் பெட்ரோல் பம்பு எஞ்சினின் பக்கவாட்டிலேயே பொருத்தப்பட்டிருக்கும். அது பின்புறத் தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்கிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு, மலையிலோ வெளி அழுத்தமே குறைவு, சூடோ அதிகம். மூன்றும் சேர்ந்தால் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிக் குமிழியாக அடைத்துக்கொள்ளும். பம்பின் சவ்வு அந்த ஆவியை அமுக்கி விரிக்குமே தவிர, பெட்ரோலை நகர்த்தாது. வண்டி ஓடும்போதைவிட நின்ற பிறகுதான் இது அதிகம். ஏனெனில் நின்றவுடன் விசிறி நிற்கிறது, எஞ்சினில் தேங்கிய வெப்பம் பம்புக்கு ஏறுகிறது. அரை மணி நேரம் ஆறினால் ஆவி மீண்டும் திரவமாகும். அந்த அரை மணியில் நாம் எதை மாற்றினாலும் அதுவே வண்டியைக் குணப்படுத்தியதாகத் தோன்றும்.

ஆனால் கண்டென்சரும் காயிலும் சூட்டில் கெடுவதே இல்லையா என்றால், கெடும். காயிலின் உள்ளே இருக்கும் மின்காப்பு பலவீனமாகியிருந்தால், குளிர்ந்தபோது ஒழுங்காகவும் சூடானபோது தாறுமாறாகவும் வேலை செய்யும்; ஆறினால் மறுபடி சரியாகும். அடையாளங்கள் ஒன்றே. அப்படியானால் பிரித்தறிவது எப்படி? வண்டி நின்ற அந்தக் கணத்திலேயே, ஆறுவதற்கு முன்பே சோதிக்க வேண்டும்.

முதலில் பொறி. டிஸ்ட்ரிபியூட்டரின் நடுக்கம்பியை எடுத்து, காப்புள்ள பிடியால் பிடித்து, எஞ்சின் உலோகத்திலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளி வைத்து ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்லுங்கள். நீல நிறத்தில் 'டக்'கென்று பொறி தாவினால் காயிலும் கண்டென்சரும் பாயிண்டும் நலம். மஞ்சளாக மெல்லிய பொறி வந்தாலோ வராவிட்டாலோ கோளாறு அங்கேதான். பாயிண்டின் முகங்கள் கருகி ஒன்றில் குழியும் மற்றதில் மேடும் விழுந்திருந்தால் கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். இந்தச் சோதனையின்போது அருகில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

பொறி நன்றாக இருந்தால் அடுத்தது பெட்ரோல். நடுக்கம்பியைத் தனியே விலக்கி வைத்துவிட்டு, கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு புட்டிக்குள் விட்டுச் சுழற்றினால், விட்டுவிட்டுப் பெட்ரோல் பீறிட வேண்டும். நுரையும் காற்றுமாக வந்தால் ஆவியடைப்பு. ஒன்றுமே வராவிட்டால் பம்பின் சவ்வு கிழிந்திருக்கலாம், அல்லது வடிகட்டி அடைத்திருக்கலாம்.

இரண்டும் சரியென்றால் ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். பெட்ரோலில் நனைந்திருந்தால் எஞ்சின் 'மூழ்கி' இருக்கிறது. சூட்டில் கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்துப் பெட்ரோல் பொங்கி உள்ளே வழிந்துவிடுவதும் உண்டு. ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் தீரும். சிலர் பதற்றத்தில் சோக்கை இழுப்பார்கள். அது மூழ்கியவன் தலையில் இன்னும் ஒரு குடம் ஊற்றுவது போல.

கறுப்புப் புகையும் எத்தனாலும்

ஏற்காட்டுக்கு மேலே காபித் தோட்டப் பக்கம் போகும்போது சில பழைய வண்டிகள் கறுப்பாகப் புகை விடுவதைக் காணலாம். மோதிரம் தேய்ந்தால் வரும் புகை நீலம்; கறுப்பு என்றால் பெட்ரோல் மிகுதி. கார்புரேட்டர் காற்றின் கன அளவை உணர்ந்து பெட்ரோலைத் தருகிறது, எடையை உணர்வதில்லை. காற்று மெலியும்போது கலவையில் பெட்ரோலின் விகிதம் கூடிவிடுகிறது. எவ்வளவு? அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர் விகிதத்தில். அடர்த்தி 100க்கு 11 குறைந்தால் கலவை 100க்கு 6 அளவு செறிவாகும்.

எஸ்.யூ. வகைக் கார்புரேட்டரில் இதைத் திருத்துவது எளிது. அடியில் உள்ள ஜெட் நட்டின் ஆறு பக்கங்களில் ஒன்றிரண்டு பக்கம் மேல்நோக்கித் திருப்பினால் கலவை மெலியும். ஆனால் ஒரு நாள் சுற்றுலாவுக்குப் போகிறவர்கள் இதைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. மேலே திருப்பியதைக் கீழே வந்து திரும்ப வைக்க மறந்துவிட்டால் சமவெளியில் கலவை மெலிந்து ஓடும், எஞ்சின் சூடாகும், வெளியேற்று வால்வு கருகும். சிறிது கறுப்புப் புகைக்கு அஞ்சி வால்வைக் கொடுப்பது நட்டக் கணக்கு.

இதில் ஒரு புதிய திருப்பமும் உண்டு. 2023இல் தொடங்கி இரண்டு ஆண்டுகளில் நாடெங்கும் பரவியது 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலின் மூலக்கூறிலேயே பிராணவாயு இருப்பதால் எரிவதற்குக் குறைந்த காற்றே போதும். தனிப் பெட்ரோலுக்கென்று அமைத்த பழைய கார்புரேட்டரில் இதை ஊற்றினால் கலவை 100க்கு ஏழெட்டு அளவு மெலிந்ததற்குச் சமம். மலை செறிவாக்குகிறது, எத்தனால் மெலிவாக்குகிறது. ஏற்காட்டில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்கின்றன! மேலே இனிமையாக ஓடிய வண்டி சேலம் திரும்பியதும் தயங்கித் தயங்கி ஓடினால் இப்போது வியப்படைய வேண்டாம். குற்றம் மலையினுடையதன்று, சமவெளிக்குத்தான் கலவையைச் சற்றுச் செறிவாக்க வேண்டியிருக்கிறது.

எத்தனால் வேறு தொல்லைகளும் செய்யும். பழைய ரப்பர்க் குழாய்கள், பம்பின் சவ்வு, தக்கையால் ஆன வாஷர்கள் ஆகியவற்றை அது ஊறவைத்து உப்பச் செய்யும் அல்லது விறைக்கச் செய்யும். ஈரத்தையும் உறிஞ்சும். சேர்வராயன் மூடுபனியில் பல வாரம் நிற்கும் தோட்டத்து வண்டிகளின் தொட்டியில் அடியில் நீர் பிரிந்து தங்கித் துருவேறுவது இதனால்தான். ஆகவே பழைய வண்டிக்குக் குழாய் வாங்கும்போது எத்தனாலைத் தாங்கும் வகைதானா என்று கேட்டு வாங்க வேண்டும். பழைய இருப்பில் பல ஆண்டு கிடந்த 'ஒரிஜினல்' பம்பு சவ்வு கிடைத்தால் பலர் மகிழ்கிறார்கள். பெட்டி அழகாக இருக்கும், ரப்பருக்கு வயதாகியிருக்கும்.

ஈயத்தையும் இங்கே சொல்லிவிடலாம். 2000ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நம் நாட்டில் ஈயமற்ற பெட்ரோல்தான். முன்பு ஈயச் சேர்மங்கள் வால்வுக்கும் அதன் இருக்கைக்கும் இடையே மெல்லிய மெத்தை போலப் படிந்திருந்தன. அது இல்லாதபோது, வார்ப்பிரும்பில் நேரடியாகக் கடைந்த பழைய இருக்கைகள், நெடுநேரம் பாரம் இழுக்கும்போது தேய்ந்து வால்வு உள்ளே அமிழும். டாப்பட் இடைவெளி குறையும். எஞ்சினின் 'டிக் டிக்' ஓசையும் குறையும். வண்டி அமைதியாகிவிட்டதே என்று மகிழக் கூடாது! அடிக்கடி மலை ஏறும் வண்டிக்கு, எஞ்சின் தலையைக் கழற்றும் வாய்ப்பு வரும்போது, கடினமாக்கிய எஃகு இருக்கைகளைப் பொருத்திக்கொள்வது நல்ல செலவு.

ரேடியேட்டர் மூடி என்ற சிறு பொருள்

ஏற்காட்டில் திறந்த பாத்திரத்து நீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சேலத்தில் தப்பித்த ரேடியேட்டர் மேலே பொங்குவதற்கு இந்த நான்கு டிகிரியும் ஒரு காரணம். ஆனால் சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் நல்ல மூடி இருந்தால் அதே உயரத்தில் 107 டிகிரி வரை நீர் கொதிக்காது. மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால், வெறும் தட்டு போட்டு மூடியது போலத்தான். புதிய ரேடியேட்டர் தேடி அலைவதற்கு முன் மூடியை மாற்றிப் பாருங்கள். எழுத்துள்ள அளவுக்கு மேல் அழுத்தம் தாங்கும் மூடியை ஆசைப்பட்டுப் போட வேண்டாம். பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்றவைப்பு விட்டுவிடும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவும் கூடாது. அழுத்தம் விலகிய அந்தக் கணமே உள்ளிருக்கும் நீர் முழுவதும் கொதித்து முகத்தில் அடிக்கும்.

வேகத்துக்கு ஆசைப்படுவோருக்கு

சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் தேடினால் பழைய வண்டிக்கு வேகமூட்டும் உறுப்புகள் சில இன்றும் கிடைக்கின்றன. இரட்டைக் கார்புரேட்டர், வால்வை அதிகம் உயர்த்தும் கேம்ஷாஃப்ட், தடையற்ற சைலன்சர் ஆகியவை. சோழவரம் விமானத் தளத்தில் கார்ப் பந்தயங்கள் நடந்த காலத்தில், நம் நாட்டு ஹெரால்டு, பியட், அம்பாசடர் உறுப்புகளைக் கொண்டே பந்தயக்காரர்கள் பல விந்தைகள் புரிந்தார்கள். கோவையைச் சேர்ந்த கரிவர்தன் உள்நாட்டு உறுப்புகளைக் கொண்டே பந்தயக் கார்களை வடிவமைத்தவர், 1995இல் மறைந்தார். கோவைக்கு அருகில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆனால் ஓடுதளத்துக்கு ஏற்றது மலைக்கு ஏற்றதன்று. பந்தயக் கேம்ஷாஃப்ட் நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு மேல்தான் தன் வலிமையைக் காட்டும். அதற்குக் கீழே எஞ்சின் தள்ளாடும். கொண்டை ஊசி வளைவிலிருந்து வெளிவரும்போது நம் எஞ்சின் 1,500, 2,000 சுற்றில் இருக்கிறது. அங்கே வேண்டியது குதிரைத்திறனைக் காட்டிலும் திருப்புவிசை. எனவே மலைக்காரருக்கு நான் சொல்லும் வரிசை வேறு: குளிர்வித்தல், பொறியூட்டல், பிரேக். மீதிப் பணமிருந்தால்தான் கார்புரேட்டர். சென்னையில் 1961 முதல் தயாரான ஹெரால்டின் உரிமையாளர் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். அதன் பின்சக்கரங்கள் குறுக்குவாட்டு வில்லோடு ஊசலாடும் அச்சில் அமைந்தவை. வளைவின் நடுவில் திடீரென்று ஆக்சிலேட்டரை விட்டால் வெளிச்சக்கரம் உள்நோக்கி மடங்கிப் பின்பகுதி வழுக்கும். அந்த வண்டியில் கூடுதல் வேகத்துக்கு உறுப்பு வாங்குமுன் டயரையும் அந்த வில்லையும் பார்க்க வேண்டும்.

இறங்கும்போது

ஏறும்போது கெட்டால் வண்டி நிற்கும். இறங்கும்போது கெட்டால் வண்டி நிற்காது. 1,400 கிலோ வண்டி 1,200 மீட்டர் இறங்கும்போது விடும் ஆற்றல் ஒன்றரைக் கோடி ஜூலுக்கு மேல். 50 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். பிரேக் டிரம்கள் நான்கும் சேர்ந்து 30 கிலோ என்று வைத்துக்கொண்டால், காற்று குளிர்விக்காத நிலையில் அவை 1,000 டிகிரிக்கு மேல் காயும். காற்று குளிர்விக்கிறது, எஞ்சினும் உதவுகிறது, நாம் அனுமதித்தால். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்ற பழைய ஓட்டுநர் விதிக்கு இதுதான் பௌதிகம். பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருவோர், அந்த ஒன்றரைக் கோடி ஜூலையும் லைனிங்கின் தலையில் கட்டுகிறார்கள்.

அந்த முதல் பயணத்தின் மாலையில் இறங்கும்போது எங்களுக்கு நேர்ந்தது இது. எட்டாம் வளைவுக்கு மேலே மைத்துனர் பிரேக்கை மிதித்தார். மிதி பஞ்சு போலக் கீழே போயிற்று. பின் இருக்கையில் குழந்தைகள் பாடிக் கொண்டிருந்தார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் கியருக்கு மாற்றி, கைபிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, மலைப்பக்கத்து வடிகாலில் இடது சக்கரங்களை இறக்கி நிறுத்தினார். குழந்தைகள் இறங்கிய பிறகுதான் அவர் கைகள் நடுங்கின. ஒரு மணி நேரம் கழித்து மிதி முன்போலக் கெட்டியாக இருந்தது.

பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறையாது. ஈரம் ஏறியபின் 140 வரை இறங்கலாம். டிரம் சூட்டில் அந்தத் திரவம் சக்கர உருளைக்குள்ளேயே கொதித்து ஆவியாகும். மிதிக்கும் அழுத்தம் முழுவதும் ஆவியை அமுக்குவதில் போய்விடும். எங்கள் வண்டியில் திரவம் மாற்றிப் பல ஆண்டுகளாகியிருந்தன. இடையில் ஒரு பட்டறையில் திறந்து கிடந்த டப்பாவிலிருந்து நிரப்பியதும் பிறகு தெரிந்தது. டாட் 4 வகைக்குக் கொதிநிலை கூடுதல், 230, ஈரமானபின் 155. எதுவானாலும் முத்திரை உடையாத புட்டியில் வாங்கி, இரண்டாண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்ற வேண்டும். அவசரத்துக்கு எஞ்சின் எண்ணெயை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வாஷர்கள் உப்பிப் பாழாகும்.

மிதி எல்லா வேளையும் ஒரே காரணத்துக்காகக் கெடுவதில்லை. பஞ்சு போலிருந்தால் ஆவியோ காற்றோ உள்ளே இருக்கிறது. ஆழமாகப் போனாலும் இரண்டு முறை மிதித்தால் கெட்டியாகிறது என்றால், டிரம் சூட்டில் விரிந்து ஷூவிலிருந்து விலகியிருக்கிறது. இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். மிதி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் லைனிங் சூட்டில் உராயும் தன்மையை இழந்துவிட்டது. ஒரு பக்கம் இழுத்தால் ஏதோ ஒரு சக்கரத்தில் திரவமோ கிரீசோ கசிகிறது. லைனிங் வாங்கும்போது முன் சக்கரம் இரண்டுக்கும் ஒரே தயாரிப்பு, ஒரே தரம் இருக்க வேண்டும். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கும். டிரம்மைத் திறந்ததும் அந்தத் தூசியை ஊதுவது நம் பட்டறைகளில் வழக்கம். அந்த நார் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டு கழித்து நோய் தரும். ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

மைத்துனர் இப்போது மலைக்குப் போகும்போது ஒரு பழைய துண்டும் இரண்டு புட்டித் தண்ணீரும் எடுத்துக்கொள்கிறார். அன்று கழற்றிய கண்டென்சர்தான் இன்றும் அவர் வண்டியில் ஓடுகிறது. புதியது பெட்டியில் இருக்கிறது.